மொபைல் ஹோமுக்குள் எலி எப்படி வருகிறது?

வீட்டுக்குள் எலி ஓடினால் கதவிடுக்கையும் ஜன்னலையும்தான் முதலில் துழாவுவோம். அமெரிக்காவின் மொபைல் ஹோம்களில் அது பெரும்பாலும் வீண் வேலை. அங்கே எலிக்கு வழி காலுக்கு அடியில் இருக்கிறது.

இவை தொழிற்சாலையில் இரும்புச் சட்டத்தின் மேல் கட்டி, சாலை வழியே இழுத்து வந்து, கான்கிரீட் கட்டைகளை அடுக்கி உட்கார வைக்கும் வீடுகள். 1976 ஜூன் மாதத்திலிருந்து மத்திய அரசின் விதிப்படி கட்டப்படுபவற்றுக்கு மேனுஃபேக்சர்டு ஹோம் என்று பெயர். எந்தப் பெயரானாலும், மண்ணுக்கும் தளத்துக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகும் இடைவெளி உண்டு. அதைச் சுற்றி அடைக்கும் ஸ்கர்ட்டிங் பெரும்பாலும் வினைல் தகடு. பார்வைக்கு மறைப்பு, எலிக்குத் தடையே அல்ல. மண் கொஞ்சம் அரித்தால் போதும், அடியில் சந்து விழுந்துவிடும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்தே தாராளம். பெரிய எலிக்கு 12.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால், தளத்தின் அடிப்பக்கம் முழுக்கக் கனமான பிளாஸ்டிக் உறை. அதற்கு மேலே குளிர் தாங்க வைத்த கண்ணாடியிழைப் பஞ்சு, தண்ணீர்க் குழாய்கள், பல வீடுகளில் வெப்பக்காற்றுக் குழாயும். உறை முழுசாக இருக்கும்வரை எலிக்குச் சிரமம்தான். ஆனால் குழாய் ரிப்பேருக்காக அதைக் கிழிப்பவர்கள் எல்லாரும் திரும்ப ஒட்டிவிட்டுப் போவதில்லை. என்னைக் கேட்டால், எலியின் பல்லைவிட அந்தக் கத்திதான் பெரிய வில்லன்.

கிழிசலில் ஏறிய எலிக்குக் கதகதப்பு, இருட்டு, கூடு கட்டப் பஞ்சு எல்லாம் ஒரே இடத்தில். பஞ்சைக் குடைந்துகொண்டே வீட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடும். எலி திறந்த வெளியில் ஓடுவதை விரும்பாது. மீசையும் உடலும் எதையாவது உரசிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் குழாயை ஒட்டியே போகும். குழாய் தளத்தைத் துளைத்து மேலே ஏறும் இடத்தில் எலியும் ஏறும். குளியல் தொட்டிக்குக் கீழே பாருங்கள்: வடிகுழாயின் வளைவைப் பொருத்துவதற்காகத் தளத்தில் பெரிய ஓட்டை வெட்டியிருப்பார்கள். மேலே தொட்டி மூடிக்கொள்வதால் அதை அடைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. சிங்க், வாஷிங் மெஷின் குழாய்களைச் சுற்றியும் இதே கதை. இரண்டு பாதிகளாக வந்து இணைந்த டபுள்வைடு வீடு என்றால் நடுவிலுள்ள இணைப்பையும் சோதிக்க வேண்டும்.

இந்த ஓட்டைகளில் வெறும் ஃபோம் (நுரையாகப் பொங்கி இறுகும் அடைப்பான்) அடித்தால் எலி கடித்துத் துப்பிவிடும். ஸ்டீல் வூல் எனும் இரும்பு நாரை இறுக்கித் திணித்து, மேலே சந்தடைக்கும் சீலன்ட் பசையைப் பூசினால் நிற்கும். பெரிய ஓட்டைக்கு 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையை ஆணியடித்துப் பொருத்தலாம். எல்லாவற்றையும் அடைத்தாலும் உள்ளே மாட்டிய எலிகள் இருக்கும், அவற்றுக்குப் பொறிதான்.

கீழே கிடக்கும் புழுக்கையைப் பெருக்கக் கூடாது. டீர் மவுஸ் எனும் காட்டுச் சுண்டெலி பரப்பும் ஹன்டா வைரஸ் தூசியோடு மூச்சில் போகும். 1993-இல் தென்மேற்கு மாநிலங்களில் பலர் அதற்குப் பலியானார்கள். கையுறை போட்டு, பிளீச் கலந்த நீரால் நன்றாக நனைத்து, சில நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுக்க வேண்டும்.