எக்ஸ் எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள்

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் என்னிடம் டியூஷனுக்குப் பிள்ளையை விட வரும் பெற்றோர் முதல் நாளே சொல்வது, "இவனுக்கு வாக்கியக் கணக்கு வராது மிஸ்" என்பதுதான். ஆனால் இரண்டு சமன்பாடுகளை நானே எழுதிக் கொடுத்துவிட்டால் அதே பையன் நீக்கல் முறையில், அதாவது எக்ஸ், ஒய் இரண்டில் ஒன்றை நீக்கி மற்றதைக் கண்டுபிடித்து, மளமளவென்று விடை சொல்லிவிடுகிறான். அதற்கு முந்தைய வரியில், வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றுவதில்தான் சிக்கல். வீட்டில் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல், கோயிலில் தமிழ், கேம்பிரிட்ஜ் தேர்வுத்தாளில் ஆங்கிலம், இத்தனையும் தாண்டி வந்துதான் பிள்ளை எக்ஸ், ஒய் எழுத வேண்டியிருக்கிறது.

போன வாரம் ஒரு மாணவிக்கு இதைக் கொடுத்தேன். காவடி முடிந்து உண்டியலைத் திறந்தால் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்கள் மொத்தம் 46, தொகை 340 ரூபாய், ஒவ்வொன்றும் எத்தனை? எக்ஸ் = ஐந்து ரூபாய், ஒய் = பத்து ரூபாய் என்று எழுதி, எக்ஸ் + ஒய் = 340 என்று போட்டுவிட்டு, அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றாள். "எக்ஸ் பணமா, எண்ணிக்கையா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "எக்ஸ் = ஐந்து ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கை" என்று முழுசாக எழுதினாள். அதன் பிறகு எக்ஸ் + ஒய் = 46, 5எக்ஸ் + 10ஒய் = 340 இரண்டையும் நான் சொல்லாமலே எழுதிவிட்டாள்.

இது பெரியவர்களுக்கும் நடக்கும். "பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள்" என்பதைச் சமன்பாடாக எழுதச் சொல்லி 1980 வாக்கில் அமெரிக்காவில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் சோதித்தபோது, மூன்றில் ஒருவருக்கு மேல் தவறாக எழுதினார்கள். எஸ் மாணவர் எண்ணிக்கை, பி பேராசிரியர் எண்ணிக்கை என்றால் எஸ் = 6பி என்று வர வேண்டும்; பலர் 6எஸ் = பி என்று தலைகீழாக எழுதினார்கள். ஆறு என்ற சொல்லும் மாணவர் என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கை அப்படியே சேர்த்து எழுதிவிடுகிறது.

பெற்றோரிடம் கேட்கிறேன், கணக்கை முதலில் கிரியோலிலோ தமிழிலோ பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள், சொல்ல வராத வரை பேனாவை எடுக்க விடாதீர்கள். எக்ஸ் எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள், அதைக் கேட்க உங்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

விடை வந்ததும் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் போதாது, சமன்பாடே தப்பாக இருந்தால் அங்கேயும் சரியாகத்தான் வரும். உண்டியலுக்கே திரும்பிப் போகணும். 24 ஐந்து ரூபாய் 120, 22 பத்து ரூபாய் 220, சேர்த்தால் 340, நாணயங்கள் 46. அதை விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் நோட்டை மூடினாள்.