கிட்ட வைத்தே படிக்கட்டும், கண் கெடாது

புத்தகத்தை மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துப் படிக்கும் குழந்தையைப் பார்த்தால் ‘தள்ளி வை, கண் கெட்டுப்போகும்’ என்று அதட்டுவது நம் வழக்கம். குறைப்பார்வை உள்ள குழந்தையிடம், அதாவது கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணிலேயே பார்வை 6/18-ஐ (மற்றவர்கள் 18 மீட்டரிலிருந்து படிப்பதை 6 மீட்டரிலிருந்து படிக்கும் அளவை) எட்டாத குழந்தையிடம், தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். 30 செ.மீ. தள்ளியிருக்கும் எழுத்தை 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் விழித்திரையில் விழும் பிம்பம் மூன்று மடங்கு பெரிதாகிறது. சின்ன வயதில் விழிலென்ஸ் நன்றாக வளைந்து கொடுக்கும் என்பதால் அவ்வளவு கிட்டத்திலும் தெளிவாகக் குவிக்க முடிகிறது. கண்புரைக்காக லென்ஸை எடுத்துவிட்ட குழந்தைகளுக்கு மட்டும் இது நடக்காது, கிட்டப் பார்க்கத் தனிக் கண்ணாடி வேண்டும். குனிந்து குனிந்து கழுத்து வலிக்குமே என்றால், சரி, ஒரு சாய்வுப் பலகை போதும்.

கரும்பலகைக்கும் இதே கணக்குதான். ஆனால் எல்லோரையும் முதல் பெஞ்சில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் சிக்கல். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு, 40 பாகைக்கும் கீழே சுருங்கினாலும் அது குறைப்பார்வைதான். இவர்கள் பார்ப்பது குழாய் வழியாகப் பார்ப்பது போல. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு பார்வையில் அடங்கும் எழுத்துகள் குறைந்துபோய் வாசிப்பு இன்னும் மெதுவாகும், பலகையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால்தான் வரி முழுதாகத் தெரியும். பிறவியிலேயே தோல், முடி, கண்ணில் நிறமி குறைந்த (அல்பினிசம்) குழந்தைக்கோ வெளிச்சமே எதிரி, ஜன்னல் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். கண் ஆடிக்கொண்டே இருக்கும் சில குழந்தைகள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள், அந்தக் கோணத்தில்தான் ஆட்டம் குறைகிறது. ‘நேராகப் பார்’ என்று தலையைத் திருப்பிவிட்டால் அப்போது கிடைத்த தெளிவும் போய்விடும்.

அப்புறம் நம் எழுத்து. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண, தலையில் ஒரு புள்ளி: வித்தியாசம் எல்லாம் இத்தனூண்டு இடத்தில். பென்சிலில் சாம்பல் நிறத்தில் எழுதினால் புள்ளி காணாமலே போகும், ‘க்’ வெறும் ‘க’ ஆகும். தடிமனான கறுப்புப் பேனா, அழுத்தமான கோடு போட்ட நோட்டு, சாக்பீஸ் தூசி படியாமல் துடைத்த பலகை என்று செலவில்லாத விஷயங்களே இங்கே நிறைய உதவும். எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளியும் விடுங்கள், நெருக்கினால் ஒன்றோடொன்று குழம்பும்.

‘இதையும் அதையும் கூட்டு’ என்று பலகையைக் காட்டுவதற்குப் பதில் ‘ஏழையும் ஐந்தையும் கூட்டு’ என்று வாய்விட்டுச் சொல்லலாம். பத்துக் கணக்கில் ஐந்து போட்டால் போதும் என்று விடலாம், ஆனால் சுலபமான ஐந்தாகப் பொறுக்கிக் கொடுக்காதீர்கள், களைப்பது கண்தான்.