மாசம் 15ஆம் தேதி வர்ற ஆயிரம் ரூபா யார் கைக்குப் போகுது?

மளிகைக் கடை, மாவு மில், ஜவுளிக் கடைன்னு சின்ன வியாபாரிங்களுக்குக் கணக்கு எழுதறதும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடறதும்தான் என் பொழப்பு. ஆபீஸ்ல வந்து உக்கார்றவங்கள்ல பாதிப் பேர் ஒரே பாட்டைத்தான் பாடுவாங்க, "நாம வரி கட்டறோம், கவர்மெண்ட் அதை எடுத்து ஆயிரம் ஆயிரமா தூக்கிக் குடுக்குது, நாடு எப்படி உருப்படும்?"னு. நான் பதில் சொல்றதில்ல, அவங்க பேங்க் ஸ்டேட்மெண்டையே எடுத்து முன்னாடி வைப்பேன்.

குடும்பத் தலைவிங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா குடுக்கற கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15ல ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி மளிகைக் கடையில மாச ஆரம்பத்துல கல்லா நிறையும், நடு மாசம் காத்தாடும். இப்ப 15, 16, 17ன்னு யூபிஐ வரவு 150, 230, 400ன்னு சின்னச் சின்னதா வரிசையா ஏறுது. இதுல நிறைய வரவு புதுச் சரக்கு வித்தது கூட இல்ல, கடன் நோட்டுல நின்ன பழைய பாக்கி, ஆனா அந்தப் பாக்கி வந்தாத்தான் கடைக்காரர் ஏஜென்சிக்காரருக்குப் பணம் குடுத்து அடுத்த சரக்கு இறக்க முடியும், அவரு குடுத்தாத்தான் லோடு ஏத்தி இறக்கறவருக்குக் கூலி. வசதியான ஆளுக்கு ஆயிரம் குடுத்தா அது எஃப்டில போய்ப் படுத்துக்கும், ரேஷன் அரிசியில ஓடற வீட்டுக்குக் குடுத்தா அந்த வாரமே ஊர்க் கடைக்கு வந்துடும். பொருளாதாரத்துல பெருக்க விளைவுன்னு சொல்றது இதைத்தான்.

2021 மே மாசம் வந்த, பொண்ணுங்களுக்கான இலவச பஸ் எந்த ஸ்டேட்மெண்ட்லயும் தெரியாது. ஆனா அதுல ஒரு பொண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபா மிச்சமாகுதுன்னு மாநிலத் திட்டக் குழு ஆய்வுல வந்துச்சு, கிட்டத்தட்ட இன்னொரு உரிமைத் தொகை மாதிரி.

அப்புறம் "தொகை வாங்கறவங்க வரி கட்டறதில்ல"ங்கிற பேச்சு. வருமான வரி வேணா கட்டாம இருக்கலாம். சோப்பு, பேஸ்ட், பிஸ்கெட் எல்லாத்துக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி இருந்துச்சே, 2025 செப்டம்பர் 22ல இருந்துதான் 5 ஆச்சு, அதை யார் கட்டினது? கடைக்காரர் வசூல் பண்ணி கட்டறாரு, அவ்வளவுதான், காசு சாமான் வாங்கறவங்களோடது.

எல்லாம் கடைக்கே வருதான்னா, இல்ல. குழுக் கடன் தவணைக்குன்னு ஒரு பங்கு போகுது, அது ஊருக்குள்ள சுத்தாம வெளிய போற காசு. வீட்டு ஆம்பளை கையில சிக்கினா டாஸ்மாக், அதாவது கவர்மெண்ட் குடுத்தது கவர்மெண்டுக்கே! ஆரம்பத்துல மினிமம் பேலன்ஸ் சார்ஜுன்னு சில பேங்க்ல இந்தக் காசைப் பிடிச்சு, மாநில நிதியமைச்சரே கண்டிச்சு அறிக்கை விட வேண்டி வந்துச்சு. உங்க வீட்டுலயும் அப்படிப் பிடிச்சா அடிப்படை சேமிப்புக் கணக்கா மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க, அதுக்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது.

சரி, இவ்வளவு குடுக்க காசு எங்கருந்து வருது? 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்ல உரிமைத் தொகைக்கு 13,807 கோடி. வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கு வருமானம் பத்தாம விழற துண்டு, 41,635 கோடி. நிதிப் பற்றாக்குறை, அதாவது மொத்தத்துல கடன் வாங்கி நிரப்பற துண்டு, 1,06,963 கோடி. அதாவது அரசு வாங்கற புதுக் கடன்ல நூத்துக்கு 39 ரூபா அன்றாடச் செலவுக்கே போயிடுது. கடைக்காரர் மாவு மெஷின் வாங்க லோன் போட்டா எனக்குக் கவலை இல்ல, மெஷின் ஓடி தவணையை அடைச்சுடும், ஆள் சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் மாசா மாசம் ஓவர்டிராஃப்ட்ல, அதாவது கணக்குல இருக்கறதுக்கு மேல பேங்க் குடுக்கற கடன்ல, கை வச்சாத்தான் பயம். ஆனா இதுக்கெல்லாம் உரிமைத் தொகைதான் காரணம்னு கை காட்டினா கணக்கு ஒத்து வராது, பழைய கடனுக்குக் கட்டற வட்டியே அதைப் போல 5 மடங்கு கிட்ட இருக்கு. சம்பளம், பென்ஷன் தனி. ஆயிரம் ரூபாயைப் பத்தி டீக்கடையில பேசற அளவுக்கு வட்டியைப் பத்தி யாரும் பேசறதில்ல. பட்ஜெட் அன்னிக்கு டிவியில "புதுத் திட்டம் என்ன"ன்னு பார்க்கறதோட, வருவாய்ப் பற்றாக்குறை போன வருஷத்தை விட ஏறுதா எறங்குதான்னு அந்த ஒரு நம்பரையும் பாருங்க.

என்னைக் கேட்டா, திட்டத்தை விட அதுக்குப் போட்ட கோடுதான் இடிக்குது. குடும்ப வருமானம் வருஷம் 2.5 லட்சத்தைத் தாண்டினா தொகை கிடையாது. கொஞ்சம் கூட சம்பாதிச்சு அந்தக் கோட்டைத் தாண்டினா வருஷத்துக்கு 12,000 அப்படியே போச்சு. அதனால தையல் மெஷின் போட்டு நாலு பேருக்கு வேலை குடுக்கற பொண்ணு கூட "ஐடிஆர் (வருமான வரிக் கணக்குத் தாக்கல்) வேணாம் சார், ஆயிரம் நின்னுடும்"ங்குது, ஐடிஆர் இல்லாம பேங்க்ல பெரிய லோன் கேட்டா வாசல்லயே நிக்க வச்சுடுவாங்க, தொழில் அந்த நாலு மெஷினோடயே நின்னு போகுது. ஆனா ஐடிஆர் போட்டதுக்காக மட்டும் தொகை நிக்காதுங்க. விதியில இருக்கறது குடும்ப வருமானம், வருமான வரி கட்டறது, நிலம், கார், கரண்ட் யூனிட் இந்த மாதிரி விஷயங்கள்தான். தகுதி இருந்தும் மனுவைத் தள்ளிட்டாங்கன்னா 30 நாளுக்குள்ள இ-சேவை மையம் வழியா கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு போடலாம், ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் மூணையும் கையோட எடுத்துட்டுப் போங்க.