ராட்டினம் போடுறவங்க பிள்ளைங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன்: வருஷ நடுவுல போனாலும், டி.சி. இல்லன்னாலும் சேர்த்தே ஆகணும்

திருவிழா, பொருட்காட்சின்னு ஊர் ஊரா போய் ராட்டினம் போடுறவங்க, பலூன் சுடுற கடை வைக்கிறவங்க, சர்க்கஸ்ல இருக்கிறவங்க, இவங்க பிள்ளைங்க ஏன் படிக்கிறதில்லன்னு கேட்டா "அவங்களுக்கு அக்கறை இல்லீங்க"ன்னு சுலபமா சொல்லிடுறோம். ஆனா சேர்க்கணும்னு போய் நின்னா என்ன நடக்குது? டி.சி. எங்க, பர்த் சர்டிபிகேட் எங்க, ஆதார் எங்க, இப்ப போய் எப்படிச் சேர்க்கிறது, ஜூன்ல வாங்கன்னு அனுப்பிடுறாங்க, ஜூன்ல அந்தக் குடும்பம் வேற எந்த ஊர்லயோ ராட்டினத்துக்குக் குழி தோண்டிட்டு இருக்கும்.

இந்தக் கேள்வியில பெரும்பாலானதுக்கு 2009ல வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துலயே, அதாங்க ஆர்.டி.இ., பதில் இருக்கு. 2010 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கிற சட்டம். 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும், எட்டாவது முடிய இலவசப் படிப்பு உரிமைன்னு எல்லாருக்கும் தெரியும், ஊர் மாறிட்டே இருக்கிறவங்களுக்காக அதுல என்ன இருக்குன்னுதான் யாரும் சொல்றதில்ல.

முக்கியமானது பிரிவு 5. எந்தக் காரணத்துக்காக ஊர் மாறினாலும் சரி, மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் சரி, பிள்ளைக்கு வேற ஸ்கூலுக்கு மாறுற உரிமை உண்டு. பழைய ஸ்கூல் ஹெச்.எம். உடனே டி.சி. குடுக்கணும், இழுத்தடிச்சா அவர் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். டி.சி. வர லேட்டாகுதுன்னு புது ஸ்கூல் அட்மிஷனைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது, இது சட்டத்துலயே நேரடியா எழுதியிருக்கு. ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, இந்த மாறுற உரிமை அரசுப்பள்ளிக்கும் அரசு உதவிபெறும் பள்ளிக்கும்தான், உதவி வாங்காத தனியார் ஸ்கூல்ல இதைச் சொல்லிக் கேட்க முடியாது, கேந்திரிய வித்யாலயா, நவோதயா மாதிரி ஸ்கூலும் இதுல வராது.

பர்த் சர்டிபிகேட் இல்லையா, பிரிவு 14 படி வயசுக்கு ஆதாரம் இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாது. ஆஸ்பத்திரி பதிவு, அங்கன்வாடி பதிவு, அதுவும் இல்லன்னா அம்மா அப்பா எழுதித் தர்ற உறுதிமொழி, மத்திய அரசு விதிகள் இதையெல்லாம் ஏத்துக்குது. ஆதார் இல்லன்னு அட்மிஷன மறுக்கக் கூடாதுன்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அட்மிஷன் தேதி முடிஞ்சு போச்சுன்னு சொன்னா பிரிவு 15 இருக்கு, தேதி தாண்டி வந்தாலும் மறுக்கக் கூடாது.

பத்து வயசுப் பிள்ளை இதுவரைக்கும் ஸ்கூல் வாசலே மிதிக்கலன்னா ஒண்ணாவதுல சின்னப் பசங்களோட உட்கார வைக்கக் கூடாது, வயசுக்கேத்த வகுப்புலதான் சேர்க்கணும், விட்டுப்போனதைப் பிடிக்க 3 மாசத்துல இருந்து 2 வருஷம் வரைக்கும் தனிப் பயிற்சி குடுக்கணும். 14 தாண்டிட்டாலும் எட்டாவது முடிக்கிற வரைக்கும் இலவசம்தான். அதுக்கப்புறம் ஊர் சுத்திட்டே பத்தாவது எழுதணும்னா தேசிய திறந்தநிலைப் பள்ளி ஒரு நல்ல வழி.

எனக்கு இதுல ரொம்ப வலிக்கிறது வேற விஷயம். சேர்த்துக்கிட்டாலும் "பத்து நாள்ல போயிடப்போற பிள்ளைதானே"ன்னு கடைசி பெஞ்சுல உட்கார வச்சு, புக்கும் குடுக்காம, கேள்வியும் கேட்காம விட்டுடுறாங்க, பக்கத்துல உட்காருற பசங்க "ராட்டினம்"னே பேர் வச்சிடுறாங்க. பிள்ளைய மனசு நோக வைக்கிறதும் பிரிவு 17 படி தப்பு. பத்து நாள் வந்தாலும் அந்தப் பத்து நாளும் அது அந்த ஸ்கூல் பிள்ளைதான், மதிய சாப்பாடு உட்பட எல்லாம் அதுக்கும் உண்டு.

வேலை பத்தியும் சொல்லணும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல 2016ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் 14 வயசுக்குக் கீழ பிள்ளைங்கள எந்த வேலையிலயும் வைக்கக் கூடாது, ஆபத்தில்லாத குடும்பத் தொழில்ல கூடமாட உதவலாம், அதுவும் ஸ்கூல் நேரத்துலயும் ராத்திரி 7ல இருந்து காலைல 8 வரைக்கும் கூடாது. பொருட்காட்சில கூட்டம் சேர்றதே 7 மணிக்கு மேலதான், அப்போ டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டு நிக்கிற பையன் காலைல முதல் பீரியட்ல தூங்காம என்ன செய்வான்? சர்க்கஸ்ல பிள்ளைங்க வேலை செய்யுறதுக்கு 2011லயே சுப்ரீம் கோர்ட் தடை போட்டுடுச்சு, சினிமா, டிவில நடிக்கிற பிள்ளைங்களுக்கு இருக்கிற விலக்கும் சர்க்கஸுக்குக் கிடையாது.

இப்ப செய்ய வேண்டியது. ஊரை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே ஹெச்.எம்.ம பார்த்து டி.சி. வாங்கிடுங்க, தமிழ்நாட்டுக்குள்ளன்னா பிள்ளையோட எமிஸ் நம்பரை, அதாவது பள்ளிக்கல்வித்துறை ஆன்லைன் பதிவுல பிள்ளைக்கு இருக்கிற நம்பரை, ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, அந்தப் பதிவுல பேரை காமன் பூலுக்கு, அதாவது ஸ்கூலை விட்டுப் போன பிள்ளைங்களோட பொதுப் பட்டியலுக்கு, மாத்திட்டாங்களான்னும் கேட்டுக்கோங்க, அங்க மாத்தாம விட்டாதான் புது ஸ்கூல்ல சிக்கல் வருது. புது ஊர்ல மறுத்தாங்கன்னா சண்டை போட வேண்டாம், மறுக்கிற காரணத்தை எழுதிக் குடுங்கன்னு கேளுங்க. அப்பவும் நடக்கலன்னா பிரிவு 32 படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்துல புகார் குடுக்கலாம், 3 மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும், ஆனா ராட்டினம் 3 மாசம் ஒரே ஊர்ல நிக்காதே, அதனால தமிழ்நாட்டுல கல்வி உதவி எண் 14417க்கோ, சைல்டுலைன் 1098க்கோ அன்னைக்கே போன் போட்டுடுங்க. ராட்டினக் குடும்பத்துக்குப் பேசத் தயக்கமா இருந்தா, உங்க ஊர் மைதானத்துல அவங்க இறங்கியிருக்கும்போது ஊர்க்காரங்க நீங்க யாராவது ஒருத்தர் அவங்களோட ஸ்கூலுக்குப் போங்க.