வெயில் இறங்காத கிணறு

கிளிநொச்சியில் நான் எடுக்கும் மாலை வகுப்பில், பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி, "சந்திரனிலை ஆக்களைக் குடியிருத்த அமெரிக்காவிட்டைக் காசு காணுமோ, சேர்?" என்று கேட்டாள். மனிதரை மறுபடியும் சந்திரனுக்கு அனுப்பும் ஆர்ட்டெமிஸ் திட்டத்துக்கு 2012 முதல் 2025 வரை 93 பில்லியன் டொலர் செலவாகும் என்றும், தொடக்கப் பறப்புகள் ஒவ்வொன்றுக்கும் 4.1 பில்லியன் டொலர் வேண்டும் என்றும் நாசாவின் சொந்தக் கணக்காய்வாளர்களே 2021இல் மதிப்பிட்டார்கள். அந்தப் பணம் போதுமா என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்.

கோடையில் பவுசரில் தண்ணீர் கொண்டுவரும் சாரதி திரும்பும் வழியில் டீசல் அடித்துக்கொள்ளலாம். ரொக்கெற்றோ போகவும் வரவும் வேண்டிய எரிபொருளையும், அந்த எரிபொருளைத் தூக்குவதற்கான எரிபொருளையும் சேர்த்தே சுமக்க வேண்டும். 1969இல் புறப்படும்போது ஏறத்தாழ 2,900 தொன் நிறையுடன் இருந்த சற்றேர்ன் ஐந்து ரொக்கெற், சந்திரத் தரையில் இறக்கியது வெறும் 7 தொன் அளவான கலத்தை. குடிநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பாவிக்கலாம்; ஆனால் எரித்த எரிபொருள் திரும்பி வராது. அங்கேயே நீர் கிடைத்தால் அதை மின்பகுத்து ஐதரசனும் ஒட்சிசனும் பெறலாம். அவையே நல்ல ரொக்கெற் எரிபொருள்.

அந்த நீர் சந்திரனில் எப்படித் தங்கியது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாள்களில் வன்னியில் நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அப்போது கிணற்றை எட்டிப் பார்த்தால், அடியில் விழுந்து கிடக்கும் வாளியின் பிடிகூடத் தெரியும். அதே கிணற்றைக் காலை ஏழு மணிக்குப் பார்த்தால், வெயில் மேல் வளையத்தோடு நின்றிருக்கும். சந்திரனின் துருவத்தில் எந்நாளும் அந்தக் காலை வெயில்தான். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்க, சந்திரனின் அச்சுச் சாய்வு சுமார் 1.5 பாகை மட்டுமே என்பதால், அங்கே சூரியன் மேலெழாமல் அடிவானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. எனவே 21 கிலோமீற்றர் அகலமும் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் ஆழமும் கொண்ட, தென்துருவத்திலுள்ள ஷாக்கிள்ரன் குழியின் அடித்தளம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெயிலையே கண்டதில்லை. தென்துருவக் குழிகள் சிலவற்றில் −238 பாகை செல்சியஸ் வரையான குளிர் 2009இல் அளக்கப்பட்டது.

வால்வெள்ளி மோதி வந்த நீர் மூலக்கூறு ஒன்று வெயில்பட்ட மண்ணில் விழுந்தால், தாச்சியில் கடுகு துள்ளுவதுபோலத் துள்ளும். தடுக்க வளிமண்டலம் இல்லாததால் வெகுதூரம் பாய்ந்து விழுந்து, சூடேறி, மறுபடியும் துள்ளும். பலவற்றைச் சூரிய ஒளியே வழியில் சிதைத்துவிடும். துள்ளிய கடுகு பக்கத்துத் தண்ணீர்க் குடத்துக்குள் விழுந்தால் அடங்கிவிடுவதுபோல, தப்பியவற்றில் ஒன்று இருட்டுக் குழிக்குள் விழுந்தால் அதன் ஓட்டம் அங்கேயே முடிந்தது. அந்தக் குளிரில் பனிக்கட்டி ஆவியாவது ஏறக்குறைய நின்றே விடுகிறது.

இது வெறும் ஊகமன்று. 2009 ஒக்ரோபர் 9 அன்று, எரிந்து முடிந்த ரொக்கெற் பகுதி ஒன்றை நாசா வேண்டுமென்றே தென்துருவத்தை அண்டிய கபேயஸ் குழியில் மோதவிட்டு, கிளம்பிய புழுதியை ஆராய்ந்தபோது, அந்த மண்ணின் நிறையில் சுமார் 5.6 வீதம் நீர் என்று கணிக்கப்பட்டது. ஆனால் ஒரு குழியில் ஓர் இடம் பார்த்தது ஊருக்கே கணக்காகாது. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்துவிட்டுக் கிணறு வெட்டத் தொடங்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. தேங்காய் எழும்புவது கையின் அசைவாலேயொழிய நீரால் அன்று என்று சொன்னால் கோபிப்பவர்களும் உண்டு. துளையிட்டுப் பார்ப்பதே வழி.

அதற்கென்றே செய்யப்பட்ட வைப்பர் என்ற ஊர்தியை, 450 மில்லியன் டொலர் செலவழித்துப் பூட்டி முடித்த பின், செலவு கூடிவிட்டது என்று 2024 யூலையில் நாசா கைவிட்டது. ஒரு பறப்பின் செலவில் ஒன்பதில் ஒரு பங்கு அது! வீட்டுக்குக் கல் அரிந்து வைத்துவிட்டுக் கிணற்றுக்குக் காசில்லை என்பது என்ன சிக்கனமோ எனக்கு விளங்கவில்லை. நல்லவேளையாக, புளூ ஒரிஜின் நிறுவனத்தின் இறங்குகலத்தில் அதை அனுப்ப 2025இல் முடிவாயிற்று.

அதன் துளைகருவி 1 மீற்றர் ஆழம் போகும் என்றேன். "எங்கடை கிணறு இருபத்தைஞ்சு அடி, சேர்" என்று சிரித்தாள்.