ஒயிட் லேபிள் ரீசெல்லர் ஹோஸ்டிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

வெப்சைட் செய்து கொடுக்கிற சின்னக் கடைகள் நம் ஊர்களில் நிறைய உண்டு. ஒரு ஜவுளிக்கடைக்கோ கிளினிக்குக்கோ தளம் செய்து முடித்ததும், "ஹோஸ்டிங்கும் நீங்களே பார்த்துக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். ஹோஸ்டிங் என்றால் தளத்தின் கோப்புகளை, எப்போதும் இணையத்தில் இருக்கிற சர்வர் என்ற கணினியில் வைத்துப் பார்த்துக்கொள்வது. சரி என்று சொன்ன அன்றே அந்த டிசைனர் ரீசெல்லர் ஆகிவிடுகிறார். பெரிய நிறுவனம் ஒன்றிடம் சர்வரில் மொத்தமாக இடம் எடுத்து, அதைச் சிறு சிறு கணக்குகளாகப் பிரித்துத் தன் கடைப் பெயரில் கொடுக்கிறார். இதுதான் ஒயிட் லேபிள் ரீசெல்லர் ஹோஸ்டிங். நானும் இப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். இந்தப் பெயரைத் தமிழில் சொல்லிப் பார்த்தபோதுதான், வாடிக்கையாளருக்கு நான் எதைக் கொடுக்கிறேன் என்பதே எனக்குச் சரியாகப் புரிந்தது.

முதலில் லேபிள். பழைய பிரெஞ்சு மொழியில் இதற்கு நாடா, துணிக்கீற்று என்று பொருள். திருப்பூரில் இன்றும் ஏறக்குறைய அதே பொருள்தான். பனியன் கழுத்துக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற துண்டுத் துணிதான் லேபிள். துணியும் சாயமும் தையலும் நம்மூருடையவை, கழுத்தில் இருக்கிற பெயர் மட்டும் வெளிநாட்டு பையருடையது, அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குகிறவருடையது.

'ஒயிட் லேபிள்' என்ற தொடர் இசைத்தட்டுத் தொழிலிலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு தட்டு கடைக்கு வருவதற்கு முன் வானொலிக்காரர்களுக்கும் டிஜேக்களுக்கும் சில பிரதிகள் போகும். அவற்றின் நடுவில் அச்சடித்த படம் இருக்காது, வெறும் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும். பாடியவர் பெயரைப் பேனாவால் எழுதியிருப்பார்கள், அல்லது எழுதாமலே விட்டிருப்பார்கள். பெயர் இல்லாத அந்த வெள்ளை வட்டம்தான் பிறகு வணிகச் சொல்லாக மாறியது. ஒருவர் தயாரித்து வைத்த பொருளைப் பலரும் வாங்கி, அவரவர் பெயரைப் போட்டு விற்பது என்று அதற்குப் பொருள் வந்தது. திருப்பூர் பனியன் இதிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும். அது பையர் கொடுத்த அளவுக்கும் டிசைனுக்கும் தைப்பது, அதைப் பிரைவேட் லேபிள் என்பார்கள்.

வெள்ளை என்பதை நிறமாக மட்டும் எடுத்துக்கொண்டு 'வெண்சீட்டு' என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். தமிழில் வெள்ளை என்ற சொல்லுக்கு 'எழுதாதது' என்ற பொருளும் ஏற்கெனவே இருக்கிறது. "வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதே" என்று பெரியவர்கள் சொன்னது அந்தப் பொருளில்தான். ஆனாலும் 'வெண்சீட்டு ஹோஸ்டிங்' என்றால் கடைக்காரருக்குப் புரியாது. 2012இல் ரிசர்வ் வங்கி, வங்கி அல்லாத நிறுவனங்களும் ஏடிஎம் வைக்கலாம் என்று அனுமதித்தபோதும் இதே சிக்கல்தான். ஒயிட் லேபிள் ஏடிஎம் என்றே பேப்பரில் போட்டார்கள். 'வங்கிப் பெயர் இல்லாத ஏடிஎம்' என்று எழுதியிருந்தால் எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

நான் பரிந்துரைக்கும் சொல் 'தன்பெயர்'. தன்பெயர் விற்பனை, தன்பெயர் சேவை. யார் செய்தது என்பதை விட்டுவிட்டு, யார் பெயரில் போகிறது என்பதைச் சொல்கிற சொல் இது.

இந்தத் தன்பெயர் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் பார்த்துவிடலாம். வாடிக்கையாளர் தன் ஹோஸ்டிங் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் சி-பேனல் பக்கத்தில் உங்கள் லோகோவை வைக்கலாம். ஒரு தளத்தின் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று காட்டும் நேம்சர்வரை உங்கள் டொமைனிலேயே, அதாவது உங்கள் தளப் பெயரிலேயே, அமைத்துக்கொள்ளலாம். பில்லும் ரெனியூவல் நினைவூட்டலும் உங்கள் பெயரிலேயே போகும்படி டபிள்யூஎச்எம்சிஎஸ் என்ற பில்லிங் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆனால் வாடிக்கையாளர் தனக்கு வந்த ஒரு மின்னஞ்சலின் ஹெட்டரை, அதாவது அது வந்த வழியைக் காட்டும் தலைப்பு வரிகளைத் திறந்தால், 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகளில், உங்களுக்கு இடம் கொடுத்த மேல்நிறுவனத்து சர்வரின் பெயர் பெரும்பாலும் அப்படியே நிற்கும். டொமைனில் மறைக்கவே முடியாது. டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதிப்படி, ரீசெல்லர் போடும் பதிவு ஒப்பந்தத்தில் உண்மையான ரெஜிஸ்ட்ரார், அதாவது டொமைனைப் பதிவு செய்யும் நிறுவனம், யார் என்று சொல்லியிருக்க வேண்டும், அல்லது அதைத் தெரிந்துகொள்ள வழியாவது காட்டியிருக்க வேண்டும். இந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம் ஹோஸ்டிங். லத்தீனில் 'ஹோஸ்பெஸ்' என்றால் விருந்தாளி, விருந்து கொடுப்பவர் இருவரையுமே குறிக்கும். ஹாஸ்பிடல், ஹோட்டல் எல்லாம் இந்தக் குடும்பம்தான். தமிழில் 'விருந்து' என்பதன் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் புதிதாகப் புனையும் செய்யுளை விருந்து என்கிறது. அது பிறகு புதிதாக வருபவருக்கும், அவருக்குப் போடும் சாப்பாட்டுக்கும் பெயரானது. அந்தப் புதியவரைப் பேணுவது விருந்தோம்பல். ஓம்புதல் என்றால் காத்தல், பேணுதல். பள்ளி உயிரியல் பாடத்தில் ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் உயிரை 'ஓம்புயிரி' என்று படித்திருப்போம். கணினித் துறையில் ஹோஸ்ட்டுக்குப் புரவலர் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு 'வலை ஓம்பல்' நிறைவாக இருக்கிறது. இடம் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை, பேக்கப் எடுப்பதும் கோப்புகளைக் காப்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கடைசியில் ரீசெல்லர். மறுவிற்பனையாளர் என்பது அகராதிப்படி சரி. தொழில்படி தவறு என்பேன். ஒரு கல்யாண மண்டபத்துக்காரர்தான் அதை எனக்குப் புரியவைத்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் இடம் எடுத்திருந்த மேல்நிறுவனம் ஒரு சனிக்கிழமை இரவு சர்வரை மாற்றியது. ஞாயிறு மதியம் வரை என் வாடிக்கையாளர்கள் 19 பேரின் தளங்கள் திறக்கவில்லை. என் கையில் இருந்தது மேல்நிறுவனத்திடம் புகார் பதிந்த ஒரு டிக்கெட் எண் மட்டும்தான். மண்டபத்துக்காரர் போன் செய்தார். "இடம் உங்களோடதுதானே தம்பி, நீங்களே சரிபண்ண முடியாதா?" என்றார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்போ உள்வாடகைக்கு விட்டிருக்கீங்க. அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

ஒருவரிடம் வாடகைக்கு எடுத்த இடத்தை இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவது உள்வாடகை. மாநகராட்சிக் கடைகளை அப்படி விட்டால் சீல் வைப்பார்கள். இங்கே மேல்நிறுவனமே அதற்கு அனுமதி கொடுக்கிறது. மற்ற எல்லாம் பொருந்தும். நான் மேலே பணம் கட்டத் தவறினால் கீழே இருக்கிற அத்தனை தளங்களும் அணையும். மேலே வாடகை ஏறினால் எனக்கும் ஏறும். 2019இல் சி-பேனல் நிறுவனம் சர்வருக்கு இவ்வளவு என்ற கட்டணத்தைக் கணக்குகளின் எண்ணிக்கைப்படி என்று மாற்றியபோது, ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான கணக்கு வைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள். விற்றுவிட்ட பொருளுக்கு இப்படி நடக்காது.

இருக்கிற இடத்தைவிடக் கூடுதலாக வாக்குக் கொடுப்பதை ஓவர்செல்லிங் என்பார்கள். உள்வாடகை என்று யோசித்தால் அது என்னவென்று விளங்கும். ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குப் பேசிவிட்டு, இருவரும் ஒரே நாளில் சாமான் இறக்க மாட்டார்கள் என்று நம்பியிருப்பதுதான் அது.

இப்போது என் பில்லில் 'வலை ஓம்பல் – உள்வாடகை, ஓராண்டு' என்று அச்சடிக்கிறேன். மேலே என் கடைப்பெயர் இருக்கும். கீழே மேல்நிறுவனத்தின் பெயர், சர்வர் இருக்கும் ஊர், கடைசியாகப் பேக்கப் எடுத்த தேதி என்று மூன்று வரி. பேக்கப் வேறொரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. எனக்கு ஏதாவது ஆனால் அதை எப்படி எடுப்பது என்று ஒரு தாளில் எழுதி, மண்டபத்துக்காரர் உட்பட எல்லாரிடமும் கொடுத்திருக்கிறேன்.