எக்ஸாஸ்டோசிஸ்: கட்டி என்று சொல்லாதீர்கள்

எங்கள் தெருவுக்குத் தக்கலையிலிருந்து குடிவந்த அக்கா ஒருவர், ஒன்பது வயது மகனின் எக்ஸ்ரே ரிப்போர்ட்டை நீட்டினார். 'மல்டிபிள் எக்ஸாஸ்டோசிஸ்' என்று போட்டிருந்தது. "எலும்புல கட்டின்னு சொன்னாவ. கேன்சராக்குமோ?" என்று கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. பையனின் முழங்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, ஒரு புன்னைக்காய் அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். மேல்தோல் வழுகி நகர்ந்தது. அடியில் இருந்தது அசையவே இல்லை. அதுவரை பேசாமல் நின்ற அவன் அப்பா சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டினார். முன்கை லேசாக வளைந்திருந்தது, மணிக்கட்டருகே இரண்டு மேடுகள். "எனக்கும் சின்ன வயசுலேயே உண்டு. முண்டுன்னுதான் சொல்லுவோம்."

அந்த வீட்டை அழவைத்தது நோயைவிட 'கட்டி' என்ற சொல்தான்.

எக்ஸாஸ்டோசிஸ் கிரேக்கச் சொல். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'ஆஸ்டியான்' என்றால் எலும்பு. எலும்பு தன் எல்லையை விட்டு வெளியே வளர்ந்த நிலை, அவ்வளவே பொருள். இதற்கே ஆஸ்டியோகாண்ட்ரோமா என்றும் பெயருண்டு. அதில் வரும் 'காண்ட்ரோஸ்' முதலில் தானியக் குருணையையும் பிறகு குருத்தெலும்பையும் குறித்தது. கிரேக்கர் கண்ணுக்கு அது குருணை. நம் முன்னோர் கண்ணுக்குப் பனங்குருத்து போல இளசானது. இந்த இடத்தில் தமிழ்ப் பெயரே நோயின் இயல்புக்கு நெருக்கம் என்பேன். புடைப்பின் உச்சியில் குருத்தெலும்பு ஒரு தொப்பி போலக் கவிந்திருக்கும், வளர்வது அதுதான். நீள எலும்புகளின் நுனியருகே தோன்றி, பிள்ளை உயரமாகும் வரை கூடவே வளரும். உயரம் நின்றால் இதுவும் பொதுவாக நின்றுவிடும்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'கழலை' சதையில் திரள்வதற்குப் பழகிய சொல். 'எலும்பு முளை' அழகானதுதான், ஆனால் வயதானவர்களின் மூட்டுத் தேய்மானத்தில் வரும் ஆஸ்டியோஃபைட்டுக்கே அது பொருந்தும். 'ஃபைட்' என்றாலே செடி. என் தேர்வு 'என்புப் புடைப்பு'. புழுவை 'என்பிலது' என்று வள்ளுவர் சொன்னாரே, அந்த என்பு. புடை என்றால் பக்கம், புடைத்தல் என்றால் வீங்கி எழுதல். பக்கவாட்டில் எழும் இந்த வளர்ச்சிக்கு இரண்டு பொருளும் ஒத்துப்போகின்றன. பல இடங்களில் வருவதால் 'பல்லென்பு' என்று சேர்த்துவிடக் கூடாது, பல்லில் வந்த நோய் என்று படிப்பார்கள். 'மரபுவழிப் பலவிட என்புப் புடைப்பு' என்று விரித்தே எழுதலாம். வீட்டில் பேச அந்த அப்பா சொன்ன 'முண்டு' போதும். மரத்தில் புடைத்திருப்பதையும் அப்படித்தானே சொல்கிறோம்.

மரபுவழி என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் இஎக்ஸ்டி1, இஎக்ஸ்டி2 என்ற மரபணுக்களில் ஒன்றில் ஏற்படும் பழுதே காரணம். எக்ஸாஸ்டோசிஸின் முதலெழுத்துகளே அந்தப் பெயர்களிலும் ஒட்டியிருக்கின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காது. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக வருவதும் உண்டு. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததோ, மாமியார் வீட்டுச் சாபமோ இதில் எங்கும் இல்லை. அக்காவிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்.

மருத்துவர்கள் இதைப் புற்றல்ல என்ற பொருளில் 'தீங்கற்ற' வளர்ச்சி என்பார்கள். அந்த அடைமொழிக்கும் ஒரு வரம்புண்டு. புடைப்பு நரம்பை அழுத்தலாம், கையையோ காலையோ வளைக்கலாம். தொந்தரவு தந்தால் அறுவையில் எடுத்துவிடுவார்கள். இப்படிப் பல இடங்களில் புடைப்பு உள்ளவர்களில், வளர்ந்த பிறகு நூற்றில் ஒருவர் முதல் ஐவர் வரைக்கும் அது புற்றாக மாறக்கூடும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதனால் நான் அதிகம் வற்புறுத்தியது பையனிடம் அல்ல, அப்பாவிடம்தான். உயரம் நின்று எத்தனையோ வருடமான அவருக்கு, மணிக்கட்டு முண்டு மறுபடி பெருத்தாலோ வலித்தாலோ, அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.